முதல் தடவை வாயைத் திறக்காதே

செகண்ட் இயர் வார்டு போஸ்டிங் ஆரம்பிச்சாச்சா? கட்டிலைச் சுத்தி இருபது பேர் நிப்பீங்க. சார் கை வைக்கிற இடம் முன்னாடி நிக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். மிச்சத்தை ஹாஸ்டல்ல ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்துத்தான் தேத்தணும். ஹவுஸ் சர்ஜன் வரைக்கும் நான் வந்தது அப்படித்தான்.

பி.பி.யில தொடங்கு. ரூம்மேட்டைச் சாய்ஞ்சு உட்கார வை, கை நெஞ்சு மட்டத்துல இருக்கட்டும். முதல் தடவை பேசாம எடுத்துக் காட்டு. ரெண்டாவது தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்லு: நாடியில விரலை வச்சுக் காத்தடி, துடிப்பு மறையற இடத்துக்கு மேல 30 ஏத்து, விநாடிக்கு 2, 3 மில்லிமீட்டரா இறக்கு. மூணாவதுலதான் விஷயமே இருக்கு. கத்துக்கிறவ சொல்லணும், சொன்னதை மட்டும் நீ செய்யணும். வால்வை மூடச் சொல்ல மறந்தாளா, நீயும் மூடாதே. எவ்வளவு அமுக்கினாலும் பாதரசம் ஏறாது. அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா. நாலாவது தடவை அவ கையில கொடு. பேட்டன்னு ஒரு சர்ஜன் 1998லயே இந்த நாலு படியை எழுதி வச்சிருக்கார். எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

அவ 125ன்னு சொன்னா விடாதே. மெர்க்குரி மெஷின்ல கோடு ரெண்டு ரெண்டாத்தான் இருக்கும், 125 எங்கிருந்து வந்துச்சு? வர்றவங்க எல்லாருக்கும் 120/80 எழுதறவளையும் நம்பாதே. (ஒரு காலத்துல அது நான்தான்.)

பெர்கஷனுக்குப் பாதி நிறைஞ்ச தண்ணி டிரம் போதும். மணிக்கட்டு மட்டும் ஆடணும், தட்டின விரலை உடனே எடுத்துடணும். சத்தம் மாறுற இடத்துல சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லு. அப்புறம் மூடியைத் திறந்து தண்ணி மட்டத்தைப் பாருங்க.

வார்டுல வேற கணக்கு. பெரிய ஸ்ப்ளீனோட ஒரு பாட்டி இருந்தாங்க. ஆறு பேர் அமுக்கிப் பார்த்தப்புறம் நான் போனேன். "நீயுமா தாயி?"ன்னாங்க. திரும்பி வந்துட்டேன். அதனால ஒரு பேஷண்டுக்கு ரெண்டு பேர், அதுவும் கேட்டுட்டு. நகத்தை வெட்டு, கையைத் தேய்ச்சுச் சூடாக்கு, அமுக்கும்போது முகத்தைப் பாரு. ஊசி, கதீட்டரெல்லாம் நீங்களா பண்றது பொம்மையில மட்டும். பேஷண்ட்கிட்டன்னா பி.ஜி. பக்கத்துல நிக்கணும். உங்க ரெண்டு பேருக்குமே சந்தேகம்னாலும் அவங்களைத்தான் கேக்கணும். இல்லைன்னா ரெண்டு பேரும் ஒரே தப்பைக் கத்துப்பீங்க.

பி.பி. செட்டை மறக்காம சிஸ்டர்கிட்ட திருப்பிக் கொடுத்துடு. நாளைக்கும் வேணும்ல.