அரக்குச் சேலையைக் காட்டாத திரை

கேள்வி: கும்பகோணம் பக்கம் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆர்டர்தான் பிழைப்பு. இதுவரை போட்டோ கரெக்‌ஷன், ஆல்பம் டிசைன் இரண்டையும் வெளியே கொடுத்துவந்தேன். இனி நானே செய்யலாம் என்று நகைக்கடன் போட்டு 80,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். மூன்று லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கேமிங் லேப்டாப்: ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை. இன்னொன்று ஒல்லியான ஓஎல்இடி லேப்டாப்: ஐ5, 16 ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மூன்றாவது, நண்பர் ஒருவர் விற்கும் பழைய எம்1 மேக்புக் ஏர், 8 ஜிபி. கடைக்காரர் முதலாவதை எடுக்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: நகைக்கடன் பணம் என்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் பிராசஸர் பெயர் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு எண் இருக்கிறது. அந்தத் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்ற விவரம் எங்கேயும் காணோம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதில் எனக்குப் புத்தி வந்த கதையைச் சொல்கிறேன். ஆல்பம் வேலையை நானே செய்யத் தொடங்கிய புதிதில், ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் ஆல்பம், கூடவே ஒரு மஞ்சள் பை. பைக்குள் முகூர்த்தச் சேலை. சண்டை போடவில்லை. ஜன்னலோரம் மேசையில் ஆல்பத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் சேலையை மடிப்புப் பிரித்து வைத்தார். சேலை நல்ல அரக்கு. ஆல்பத்தில் இருந்தது தக்காளிச் சிவப்பு. மஞ்சள் பூசிய பெண்ணின் முகமோ ஆரஞ்சுப் பழம்போல இருந்தது. “இந்த அரக்குக்காகக் காஞ்சிபுரத்துக்கு மூன்று தடவை போனோம்” என்றார். அத்தனை ஷீட்டையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். காசு போனது பெரிதில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

தவறு ஆல்பத்தை அச்சடித்த லேபில் நடக்கவில்லை. என் திரை அடர்ந்த சிவப்பைக் காட்டத் தெரியாத திரை. அதில் அரக்கு வெளுத்துப்போய்ச் செங்கல் தூள்போலத் தெரிந்தது. போட்டோதான் மங்கல் என்று எண்ணி, கண்ணுக்குச் சரியாக வரும்வரை நிறத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். திரையில் சரியாக வந்தபோது, ஃபைலுக்குள் நிறம் எல்லை மீறியிருந்தது. லேப் மெஷின் ஃபைலில் உள்ளதை அப்படியே அச்சடித்தது.

நீங்கள் பார்த்த கேமிங் லேப்டாப்பின் விவரத் தாளை வாங்கி, டிஸ்ப்ளே என்ற வரியைப் படியுங்கள். ‘45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்’ என்று இருந்தால், எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்காவில் கலர் டிவிக்காக வகுத்த அளவுகோல். போட்டோவுக்கு நாம் நம்பும் அளவுகோல் எஸ்ஆர்ஜிபி. 1996-இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் இரண்டும் சேர்ந்து முன்வைத்தது. பெரும்பாலான கலர் லேப்கள் உங்களிடம் கேட்பதும் எஸ்ஆர்ஜிபி ஃபைல்தான். 45% என்டிஎஸ்சி திரை இந்த எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தைத்தான் காட்டும். மிச்ச நிறங்களை நீங்கள் பார்க்காமலேயே திருத்திக்கொண்டிருப்பீர்கள். அப்படி விட்டுப்போகும் நிறங்களில்தான் நம் கல்யாணமே இருக்கிறது: அரக்கு, குங்குமம், மாம்பழ மஞ்சள், வாழை இலைப் பச்சை. ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்றோ ‘72% என்டிஎஸ்சி’ என்றோ போட்டிருந்தால் நல்லது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் வரும் லேப்டாப்பிலேயே இரண்டு மூன்று வகைத் திரை இருக்கும். நண்பர் வாங்கியதில் நல்ல திரை இருந்தது என்பதற்காக உங்களுக்கும் அதுவே வரும் என்று சொல்ல முடியாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு உரிய விவரத்தைத் தேடிப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஓடுகிற படத்துக்கான வசதி. அசையாத போட்டோவுக்கு அதனால் பயனில்லை.

கடைக்குப் போகும்போது இரண்டு பொருள் கொண்டுபோங்கள். நீங்கள் எடுத்து, நல்லபடியாக அச்சாகி வந்த ஒரு ஆல்பம் ஷீட். அதே ஷீட்டின் ஃபைல் உள்ள பென்டிரைவ். கடையில் ஓடும் மலை, மீன், பூ வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு உங்கள் ஃபைலைத் திறங்கள். வெளிச்சத்தைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். நைட் லைட் போட்டிருந்தால் அணையுங்கள். சார்ஜரைச் சொருகிவிட்டுப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது சில லேப்டாப்கள் தாமாகவே திரையின் கான்ட்ராஸ்டை மாற்றிக்கொள்ளும். பிறகு ஷீட்டை வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு உடனே திரையைப் பாருங்கள். சேலை சேலையாக இருக்கிறதா? மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் மடிப்பு தெரிகிறதா, ஒரே கறுப்புத் திட்டாக இருக்கிறதா? தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் முகத்தின் நிறம் மாறுகிறதா? மாறினால் அந்தத் திரை வேண்டாம். பத்து நிமிட வேலை இது. 80,000 ரூபாய் கொடுக்கிறவர் பத்து நிமிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

திரைக்கு அடுத்தது ரேம். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நம் ஊர் கரிஷ்மா ஆல்பத்தில் ஒரு ஷீட் 12 × 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 3,600 × 10,800, அதாவது சுமார் 3 கோடியே 89 லட்சம் புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட் என்றால், பின்னணி லேயர் ஒன்று மட்டுமே 110 எம்பியைத் தாண்டும். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு போட்டோ, பூ வேலைப்பாடு, நிழல், எழுத்து. நீங்கள் கடைசியாகச் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காக போட்டோஷாப் நினைவில் வைத்துக்கொள்வது வேறு. கூடவே லைட்ரூமும் திறந்திருக்கும். 8 ஜிபி இதற்குத் தாங்காது. 16 ஜிபி இருந்தால் வேலை ஓடும், 32 இருந்தால் நிம்மதி. இன்றைக்கு 16 வாங்கினாலும், பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். ஒல்லி லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசிவரை. ‘ஸ்லாட் எத்தனை, காலி எத்தனை’ என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பிராசஸரில் ஐ7, ஐ5 என்ற பெயரைவிடக் கடைசி எழுத்து முக்கியம். ‘எச்’ என்று முடிவது வேகத்துக்கானது. ‘யு’ என்று முடிவது பேட்டரியை மிச்சப்படுத்துவதற்கானது. ‘எச்’ ரக ஐ5 பல வேளைகளில் ‘யு’ ரக ஐ7-ஐ முந்திவிடும். உங்கள் வேலைக்கு ‘எச்’ ரக ஐ5 தாராளம்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? கிராமத்து மண்டபங்களில் விடிகாலை முகூர்த்தம் எடுக்கிறீர்கள். ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றித்தான் பல படம் வரும். அந்தப் புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்க லைட்ரூமில் 2023 முதல் ஏஐ டீநாய்ஸ் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே சில நிமிடம் காத்திருக்க நேரும். கார்டு இருந்தால் அது நொடிக்கணக்கில் முடியும். ஒரு முகூர்த்தத்தில் இருநூறு படத்துக்கு இதைச் செய்வீர்கள் என்றால் கார்டு வேண்டும். எப்போதாவது ஒன்றிரண்டு படம் என்றால் வேண்டாம். மற்றபடி முகத்தில் டச்சப், ஷீட் டிசைன் போன்றவற்றுக்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதும், ஆனால் அதையே கிடங்காக வைத்துக்கொள்ளாதீர்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் 25 முதல் 30 எம்பி வரை வரும். ஒரு கல்யாணத்தில் 3,000 படம் என்றால் 75 முதல் 90 ஜிபி. நான்கைந்து முகூர்த்தத்தில் நிறைந்துவிடும். ஆல்பம் கொடுத்தபிறகு எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அதுவும் இரண்டு பிரதி, இரண்டும் ஒரே மேசை டிராயரில் இருக்கக் கூடாது.

இனி உங்கள் மூன்றுக்கு வருகிறேன்.

எம்1 மேக்புக் ஏர் 2020-இல் வந்தது. திரை அருமை, நிறத்தை அது கையாளும் விதமும் நம்பகமானது. ஆனால் 8 ஜிபி, கூட்டவும் வழியில்லை. உங்கள் 12 × 36 ஷீட்டுக்கு அது போதாது. ஆல்பம் டிசைனுக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் மென்பொருள் சில விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். நண்பருக்கு நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

ஓஎல்இடி லேப்டாப்பில் நிறம் குறைவு என்ற பேச்சே இல்லை; அது எஸ்ஆர்ஜிபியைத் தாண்டி, டிசிஐ-பி3 என்ற இன்னும் அகன்ற அளவுகோல் வரை காட்டும். அங்கே சிக்கல் தலைகீழ். விண்டோஸில் நிறக்கணக்கு தெரியாத மென்பொருளில் படத்தைத் திறந்தால் சேலை தகதகவென்று ஜொலிக்கும். அதை நம்பிக் குறைக்கத் தொடங்கினால் அச்சில் வெளிறிப்போகும். திரை அமைப்பில் எஸ்ஆர்ஜிபி முறையைத் தேர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. போட்டோஷாப்பின் டூல்பார் ஒரே இடத்தில் வருடக்கணக்காக நிற்பதால் திரையில் தழும்பு விழும் வாய்ப்பும் உண்டு. சிலருக்குக் கண்வலி, தலைவலி வருகிறது; கடையில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக் கால் மணி நேரம் பார்த்தால் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும்.

கேமிங் லேப்டாப், திரை 100% எஸ்ஆர்ஜிபி என்றால் யோசிக்காமல் எடுங்கள். 45% என்றால், அதே ரகத்தில் ஐ7-க்குப் பதில் ஐ5 எடுத்து, மிச்சமாகும் பணத்தில் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று, 100% எஸ்ஆர்ஜிபி போட்டதாகப் பார்த்து வாங்கி மேசையில் வையுங்கள். நீங்கள் ஆல்பம் டிசைன் செய்யப்போவது ஸ்டுடியோவில் உட்கார்ந்துதானே, பஸ்ஸில் இல்லையே. நிறம் பார்ப்பதெல்லாம் மானிட்டரில். லேப்டாப் திரையில் டூல்களும் ஃபோல்டர்களும் இருக்கட்டும். 36 அங்குல ஷீட்டைப் பெரிய திரையில் பார்க்கும்போது கழுத்துக்கும் நல்லது. என் கையில் 80,000 இருந்து, உங்கள் வேலை எனக்கு இருந்தால், நான் இதைத்தான் செய்வேன்.

கேள்வி: மகள் சென்னையில் விஸ்காம் சேர்ந்திருக்கிறாள். ஆப்பிள் லேப்டாப்தான் வேண்டும் என்கிறாள். கட்டாயமா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: கட்டாயம் இல்லை அம்மா. போட்டோஷாப்பும் லைட்ரூமும் இரண்டிலும் ஓடும். முதலில் துறையில் எந்த மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ஆப்பிள்தான் என்று முடிவானால், 2024 அக்டோபருக்குப் பிறகு புதிதாக விற்கும் மேக்புக் ஏர் எல்லாமே 16 ஜிபியில்தான் தொடங்குகிறது, அது போதும். பழைய சரக்கு மலிவாக வருகிறதென்று 8 ஜிபியை வாங்கிவிடாதீர்கள். மாணவர் விலை என்று தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். ஏர் மாடலில் ஃபேன் கிடையாது. சித்திரை வெயிலில் விடுதி அறையில் நூற்றுக்கணக்கில் படம் எக்ஸ்போர்ட் செய்தால் வேகம் குறையும். அது பழுது இல்லை, மகள் பயப்பட வேண்டாம்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருக்கிறது. லேபிலிருந்து வரும்போது எல்லாம் இருட்டு. லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?
– மதுரை வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் திரையின் வெளிச்சம் முழுதாக ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். திரை தானே ஒளி விடுகிறது. காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைச் சரிசெய்தால், கண் ‘போதும் போதும்’ என்று சொல்லும், கை குறைத்துக்கொண்டே போகும்.

அச்சுக்கு வேலை செய்யும்போது திரையின் வெளிச்சம் 100 முதல் 120 நிட்ஸ் இருந்தால் சரி. அதை அளக்கும் கருவிக்கு விலை 10,000 ரூபாயைத் தாண்டும். உங்கள் ஊர் போட்டோகிராபர் சங்கத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். நிறமும் அதிலேயே சரியாகிவிடும். அதுவரை ஒரு வெள்ளைத் தாள் போதும். ஸ்டுடியோவின் வெள்ளை டியூப்லைட் வெளிச்சத்தில் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளையைத் திறந்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அந்த அளவை ஒரு ஸ்டிக்கரில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். போன முறை இருட்டாக வந்த ஃபைலையே இப்போது திறந்து பாருங்கள்; அச்சில் வந்த இருட்டு திரையிலும் தெரியும். அதை வைத்துத் திருத்தி, ஒரே ஒரு ஷீட்டை மட்டும் லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றதை அனுப்புங்கள்.