மேனேஜரைத் தூக்கணுமா?

2025 ஐ.பி.எல். முடிந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் புள்ளிப் பட்டியலின் கடைசியில் கிடந்தது. பதினான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றி, பத்துத் தோல்வி. 2008இல் தொடங்கிய அந்த அணி அதுவரை எந்த சீசனையும் கடைசி இடத்தில் முடித்ததே இல்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து திருச்சுழிப் பக்கக் கண்மாய்க்கரை வரைக்கும் ஒரே பேச்சு: “ஆளை மாத்தணும்ணே.” எந்த ஆளை என்று கேட்டால்தான் சண்டை. ஒருவருக்குக் கோச் ஃபிளெமிங் போகணும். இன்னொருவருக்குத் தலைமைச் செயல் அலுவலர் காசி விஸ்வநாதன் போகணும். மூன்றாவது ஆள் தோனி பெயரைச் சொல்லிவிட்டு, அடி விழுமோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்.

இதே சண்டை நம் ஊர் ஸ்பின்னிங் மில்லிலும் விசைத்தறிக் கொட்டகையிலும் தனியார் பள்ளியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வருஷாவருஷம் நடக்கிறது. நஷ்டம் வந்தால், ஆர்டர் போனால், சேர்க்கை குறைந்தால் முதலில் உருளுவது மேனேஜர் தலை. உருள வேண்டிய தலைதானா என்று பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நீங்கள் முதலாளியாக இருந்தாலும், அவருக்குக் கீழே வேலை பார்த்தாலும், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாலும் அது உதவும்.

முதல் வேலை, எந்த முடிவு யாருடையது என்று பிரிப்பது. அமெரிக்கக் கூடைப்பந்தில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். பணம் போடுபவர் உரிமையாளர். ஆளெடுப்பது, ஆளை மாற்றிக்கொள்வது, ஒப்பந்தம் போடுவது ஜி.எம். என்ற ஜெனரல் மேனேஜர் வேலை. கொடுத்த ஆட்களை வைத்து ஆட்டத்தை நடத்துவது கோச். தோற்றால் எந்த மேசைக்குப் போய்க் கேட்பது என்று ரசிகனுக்குத் தெரியும். ஐ.பி.எல். அணிகளில் இந்தக் கோடு இவ்வளவு சுத்தமாக இல்லை. ஏல மேசையில் கோச்சும் இருப்பார், நிர்வாகியும் இருப்பார், சீனியர் வீரரின் யோசனையும் இருக்கும்.

நம் மில்களில் கோடே கிடையாது. முதலாளியின் மச்சான் பஞ்சு வாங்குவார், நூல் தரம் விழுந்தால் மேனேஜர் பதில் சொல்வார். ஆகவே ஒரு தாளை எடுங்கள். போன இரண்டு வருடத்தில் கம்பெனியை ஏற்றியதும் இறக்கியதுமான ஐந்தாறு பெரிய முடிவுகளை எழுதுங்கள்: புது மிஷின், பஞ்சுக் கொள்முதல், ஒரு பெரிய பார்ட்டிக்குக் கொடுத்த கடன், ஆள் குறைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசியில் ‘சரி’ என்று சொன்னவர் பெயரை எழுதுங்கள். பாதிக்கு மேல் முதலாளி பெயரே வந்தால் மேனேஜரை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. வருகிற புது ஆளும் இதே தாளில்தான் மாட்டுவார்.

இனி அவர் எடுத்த முடிவுகளுக்கு வருவோம். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் ஞாபகத்தில் நிற்பது மோசமான ஒன்று மட்டும். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை அணி அஷ்வினை 9.75 கோடிக்கு வாங்கியது. அப்போது அவருக்கு வயது 38. அந்த சீசனில் ஒன்பது ஆட்டம், ஏழு விக்கெட். 2025 ஆகஸ்ட்டில் ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்றார். டீக்கடையில் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே மேசை, அதே ஏலம், கிட்டத்தட்ட அதே விலை, பத்துக் கோடிக்கு நூர் அகமதையும் எடுத்தது. அவர் 24 விக்கெட் எடுத்தார். அதைச் சொல்ல ஆளில்லை. ஒரு மேனேஜரை எடைபோடுகிறவர் இரண்டையும் தட்டில் வைக்க வேண்டும்.

அதற்காக நிர்வாகத்தை விட்டுவிடலாம் என்றும் இல்லை. 2025 ஏப்ரல் 11, சேப்பாக்கம். இருபது ஓவரில் சென்னை 103 ரன், ஒன்பது விக்கெட். கொல்கத்தா அதை 59 பந்து மீதம் வைத்து அடித்து முடித்தது. கேப்டன் ருதுராஜ் முழங்கையில் அடிபட்டு வெளியேற, தோனி திரும்பக் கேப்டனான முதல் ஆட்டம் அது. வரிசையாக ஐந்தாவது தோல்வி. ருதுராஜின் காயம் யார் கையிலும் இல்லை. ஆனால் ஒரு ஆள் போனதும் பேட்டிங் வரிசையே காலியாகத் தெரிந்ததே, அதற்கு ஆளெடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கரிசல்காட்டு மானாவாரி விவசாயிக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசியில் மழை ஏமாற்றினால் மக்காச்சோளம் கருகும். அதற்கு யார் மேலும் கோபப்பட முடியாது. பக்கத்துப் புஞ்சையில் முளைத்து நம் புஞ்சையில் முளைக்கவில்லை என்றால், விதை வாங்கிவந்தவனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

கம்பெனிக்கும் அப்படியே பக்கத்துப் புஞ்சையைப் பாருங்கள். 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த வருடம் முடிவதற்குள் விலை வெகுவாக இறங்கியது. உச்சத்தில் வாங்கிய சரக்கு குடோனில் இருக்கும்போதே நூல் விலை சரிந்தால் எந்த மில்லுக்கும் அடிதான். அந்த வருடம் நஷ்டம் காட்டியதற்காக மட்டும் ஒரு மேனேஜரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது அநியாயம். விலை ஏறிக்கொண்டே போகிறது என்று பயந்து, கையில் ஆர்டர் இல்லாமலே, கடன் வாங்கி ஆறு மாத ஸ்டாக் அடுக்கியிருந்தால் அது வேறு கதை. பக்கத்து மில்லுக்கும் நம் மில்லுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் மேனேஜரின் கணக்கில் சேரும். சந்தை மொத்தமும் விழுந்தது அதில் சேராது.

எத்தனை நாள் பொறுப்பது? இதற்கு அதே அமெரிக்கக் கூடைப்பந்தில் இரண்டு நல்ல பாடங்கள் இருக்கின்றன, எதிரெதிரானவை.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் சாம் பிரெஸ்டி 2007இலிருந்து ஜி.எம். 2019இல் தன் நட்சத்திரம் பால் ஜார்ஜைக் கொடுத்துவிட்டு, ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞரையும், புது ஆட்களை எடுக்கும் வருங்கால ‘டிராஃப்ட்’ உரிமைகள் ஒரு கட்டையும் வாங்கினார். ஒரு சீசன் தள்ளி வந்த இரண்டு சீசன்கள் பார்க்கச் சகிக்காது. 2020-21இல் 22 வெற்றி, 50 தோல்வி. 2021-22இல் 24 வெற்றி, 58 தோல்வி. நம் ஊராக இருந்தால் கொடும்பாவி எரித்திருப்பார்கள். உரிமையாளர் ஆளை மாற்றவில்லை. காரணம், என்ன செய்கிறோம், ஏன் இப்போது தோற்கிறோம், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். ஜார்ஜுக்குப் பதிலாகக் கிடைத்த உரிமைகளில் ஒன்றை வைத்து 2022இல் பன்னிரண்டாவது ஆளாக எடுத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2024-25இல் 68 வெற்றி, 14 தோல்வி, 2025 ஜூனில் கோப்பை.

டல்லஸ் மாவெரிக்ஸ் கதை தலைகீழ். நிக்கோ ஹாரிசன் நைக்கி கம்பெனியிலிருந்து 2021இல் ஜி.எம். ஆக வந்தவர். 2024இல் அணி இறுதிச் சுற்றுக்கே போனது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஊரே கொண்டாடிய 25 வயது லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, முப்பதைத் தாண்டிய ஆந்தனி டேவிஸை வாங்கினார். தற்காப்பு பலப்படும் என்றார். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். அரங்கத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் ‘நிக்கோவைத் தூக்கு’ என்ற கூச்சல். லூக்கா ரசிகர்களுக்கு முக்கியம் என்று தெரியும், ஆனால் இந்த அளவுக்கு என்று தெரியாது என்று ஏப்ரலில் அவரே நிருபர்களிடம் சொன்னார். புது சீசனில் 3 வெற்றி, 8 தோல்வி என்று நின்றபோது, 2025 நவம்பர் 11 அன்று வேலை போனது.

இங்கே கவனிக்க வேண்டியது கூச்சலை அல்ல. கூச்சல் பிப்ரவரியிலேயே எழுந்துவிட்டது. ஒரு ஜவுளிக் கம்பெனி மேனேஜர், இருபது வருடமாக நம்மிடமே சேலை எடுக்கும் வியாபாரியை விரட்டிவிட்டு, ‘அவர் இவ்வளவு எடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? காயம் துரதிர்ஷ்டம். தன் வாடிக்கையாளரைத் தெரியாமல் இருந்தது துரதிர்ஷ்டம் இல்லை. பொறுமை காட்டுவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டாவது விஷயத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

தவறு தெரிந்த பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். சென்னை நிர்வாகம் 2025 ஐ.பி.எல். நடுவிலேயே, காயம்பட்டவர்களுக்குப் பதிலாக, முப்பது லட்சத்துக்கு 17 வயது ஆயுஷ் மாத்ரேயைக் கொண்டுவந்தது. டெவால்டு பிரெவிஸைச் சேர்த்தது. மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக மாத்ரே 48 பந்தில் 94 அடித்தார். ஏலத்தில் எல்லாம் சரியாக அமையவில்லை என்று ஃபிளெமிங்கும் மறைக்காமல் பேசினார். சீசன் முடிந்ததும் நிர்வாகத்தில் தலை எதுவும் உருளவில்லை, உருண்டது கொள்கை. நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கோப்பை வாங்கித்தந்த ஜடேஜாவை! டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்களை, பிரசாந்த் வீரையும் கார்த்திக் சர்மாவையும், தலா 14.20 கோடிக்கு எடுத்தார்கள். வயசாளிகளை நம்பியே வளர்ந்த அணி இது.

இது நம் முதலாளிகள் அதிகம் யோசிக்காத மூன்றாவது வழி: ஆள் இருக்கட்டும், செய்முறையை மாற்று. இதே ஃபிளெமிங் கோச்சாக இருந்தபோதுதான் 2020இல் ஏழாம் இடம், 2021இல் கோப்பை. 2022இல் ஒன்பதாம் இடம், 2023இல் கோப்பை. இதை வைத்து எப்போதும் பொறுத்தால் பலன் வரும் என்று நான் வாதாட மாட்டேன். மூன்றாவது தடவையும் அதே மந்திரம் பலிக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: “நீங்க செஞ்சதுல எதை இனிமே செய்ய மாட்டீங்க?” ஒன்றையாவது பெயர் சொல்லிச் சொல்பவருக்கு இன்னொரு வருடம் கொடுக்கலாம். ‘எல்லாம் நேரம் சார்’ என்பவருக்குக் கொடுக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், அடுத்த ஆள் யார் என்பதை முதலில் பாருங்கள். அருப்புக்கோட்டைச் சம்பளத்துக்குக் கோயம்புத்தூர் ஆள் வருவது சுலபமில்லை. வந்தாலும் பிள்ளைகள் படிப்பு, வீடு என்று ஆறு மாதம் ஓடிவிடும். உள்ளேயே ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரோ சீனியர் சூப்பர்வைசரோ இருந்தால் மூன்று மாதம் பொறுப்பில் வைத்துப் பாருங்கள். டல்லஸ்காரர்கள்கூட நிக்கோ போனதும் உள்ளே இருந்த இரண்டு பேரைத்தான் தற்காலிகமாக உட்காரவைத்தார்கள்.

மேனேஜருக்குக் கீழே வேலை பார்ப்பவருக்கு ஒரு வார்த்தை. ‘ஆளை மாத்தணும்’ பேச்சு கேண்டீனில் ஓடும்போது தலையாட்டாதீர்கள். மேலே போய்ப் போட்டுக்கொடுக்கவும் வேண்டாம். முதலாளி கூப்பிட்டுக் கேட்டால் ஆளைப் பற்றிப் பேசாமல் நடந்ததைச் சொல்லுங்கள். “அண்ணாச்சி, போன மாசம் நாலு நாள் பாவு இல்லாம தறி நின்னுச்சு, நூல் பில் பாஸ் ஆகலை” என்பது தகவல். “அவருக்கு நிர்வாகம் தெரியாது” என்பது அபிப்பிராயம். இரண்டாவதைச் சொன்னவர் பெயர் எப்படியோ கசிந்துவிடும்.

நாற்காலியில் இருப்பவர் நீங்கள் என்றால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். பெரிய முடிவு எடுக்கும் நாளில், ஏன் எடுக்கிறோம், பலன் எப்போது தெரியும் என்று நாலு வரி எழுதி முதலாளிக்கு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது நஷ்டம் வந்த அன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அடுத்து, உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். தொழில் தகராறுச் சட்டங்கள் ‘தொழிலாளி’ என்று சொல்வதில் மேனேஜர் பெரும்பாலும் வரமாட்டார். அதனால் வேலை போகும்போது உங்களுக்குக் கைகொடுப்பது அந்தத் தாளில் எழுதியிருக்கும் நோட்டீஸ் காலம்தான். ஒரு மாதமா, மூன்று மாதமா, ஒன்றுமே எழுதவில்லையா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எழுதவில்லை என்றால், கம்பெனி நல்ல லாபத்தில் இருக்கும் வருடத்தில் கேட்டு வாங்குங்கள்.

போகச் சொல்லிவிட்டால் பேசிச் சண்டை போடுவதை விடப் பேப்பர்தான் முக்கியம். ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, கணக்கு முடித்த விவரம், ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி. பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியை கம்பெனி ஏற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்றவில்லை என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு யூ.ஏ.என். தளத்தில் நீங்களே அதைப் பதிந்துகொள்ளலாம். அந்தத் தேதி இல்லாமல் பழைய பணம் புதுக் கணக்குக்கு மாறாது.