லுணுகலை வீட்டுத்தோட்டத்துக்கு எந்தப் பீச்சஸ்?

பீச்சஸ் கன்று வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரகம் நல்ல இனிப்பு?" என்பதுதான். லுணுகலைப் பக்கத்தில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த ரகம் எவ்வளவு குளிர் கேட்கும், உங்கள் வீடு இருக்கும் மலையில் எவ்வளவு குளிர் கிடைக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இவை இரண்டும் பொருந்தாவிட்டால், எவ்வளவு பசளை போட்டாலும் மரம் இலையும் கொப்புமாக வளர்ந்துகொண்டே இருக்கும். பூ வராது. வந்தாலும் நுனியில் நான்கைந்து பூ பூத்து உதிரும்.

பீச்சஸ் மரம் கோடை முடிவில் அடுத்த வருடத்துக்கான பூ அரும்புகளைக் கட்டிவிட்டு உறக்கத்துக்குப் போகும். அந்த உறக்கம் கலைய வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு குளிர் அதன்மேல் பட்டிருக்க வேண்டும். 7.2 பாகை செல்சியசுக்குக் கீழே எத்தனை மணித்தியாலம் போனது என்று எண்ணுவதுதான் பழைய கணக்கு. படங்களில் நாம் பார்த்து ஆசைப்படுகிற அமெரிக்க ரகங்களான எல்பேர்ட்டா, ரெட்ஹேவன் போன்றவை சுமார் 800 மணித்தியாலம், அதற்கு மேலும் கேட்கும். லுணுகலை டவுனில் மார்கழி, தை விடியற்காலையில்கூட வெப்பம் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. நுவரெலியாவில் உறைபனி விழும் இரவுகளை வைத்துக்கூட அந்த ரகங்களின் கணக்கைத் தீர்க்க முடியாது. ஆகவே அந்தப் பெயர்களை யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

நமக்கு உதவுகிற வேறொரு குடும்பம் இருக்கிறது. 1950களிலிருந்து புளோரிடா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப், அவருக்குப் பின் வேய்ன் ஷேர்மன் ஆகியோர், குறைந்த குளிர் கேட்கும் தென்சீனத்து வழி மரங்களைக் கலந்து, சூடான ஊர்களுக்கென்றே பீச்சஸ் ரகங்களை உருவாக்கினார்கள். இன்று வெப்பநாட்டு மலைகளில் காய்க்கிற பீச்சஸில் பெரும்பகுதி அந்த வேலையின் பிள்ளைகள்தான். தாய்லாந்தின் வடமலைகளில் அபின் செடிக்கு மாற்றுப் பயிர் தேடி 1969இல் அரசர் பூமிபோல் தொடங்கிய திட்டத்திலும் குறைந்த குளிர் கேட்கும் பீச்சஸ்தான் மலைக் கிராமங்களுக்குப் போனது.

அந்தக் குடும்பத்தில் நான் முதலில் சொல்வது ஃபுளோர்டாபிரின்ஸ். குளிர்த் தேவை ஏறக்குறைய 150 மணித்தியாலம். பூத்ததிலிருந்து 80 நாளுக்குள் பழுத்துவிடும். மஞ்சள் சதை, புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை, நடுத்தரத்துக்குச் சற்றுச் சிறிய பழம். கொட்டை சதையோடு ஒட்டியிருக்கும், அது குறையல்ல, சீக்கிரம் பழுக்கும் ரகங்களின் இயல்பு. அடுத்தது டிரொப்பிக் பியூட்டி. அதே 150தான், ஆனால் ஒரு கிழமை, பத்து நாள் பிந்திப் பழுக்கும், பழம் கொஞ்சம் பெரிது. வெள்ளைச் சதையும் புளிப்பில்லாத இனிப்பும் வேண்டுமென்றால் டிரொப்பிக் ஸ்னோ. ஆனால் அது 200 கேட்கும், ஆகவே மடுல்சீமைப் பக்கம் உயரத்தில் இருப்பவர்கள் மட்டும் யோசியுங்கள். பிற்காலத்தில் வெளிவந்த யூஎஃப் சன் என்ற ரகத்துக்கு 100 போதும். அதன் சதை பழுத்தாலும் இறுக்கமாக இருக்கும், பதுளைச் சந்தைக்குக் கொண்டுபோனாலும் நசுங்காது. இந்த நான்கில் எது கையில் கிடைத்தாலும் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். இருந்தாலும் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டுமென்றால் ஃபுளோர்டாபிரின்ஸ். சீக்கிரம் பழுக்கும் ரகத்தைப் பழ ஈயிடமிருந்தும் அணிலிடமிருந்தும் காக்க வேண்டிய நாட்கள் குறைவு. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

மயிரில்லாத வழவழப்புத் தோல் உள்ள நெக்டரின் அழகானது. மழை ஈரம் அதிகமுள்ள நம் பக்கத்தில் அந்தத் தோல் சீக்கிரம் புள்ளி விழுந்து அழுகும். வேண்டாம்.

ஃபுளோர்டாசன் என்ற பெயரையும் சிலர் சொல்வார்கள். அதுவும் புளோரிடாவில் பிறந்ததுதான், 1960களில் வெளிவந்தது. ஆனால் அது சுமார் 300 கேட்கும். பஞ்சாப் சமவெளியில் அது நன்றாகக் காய்த்தது என்பதைக் காட்டி "சூட்டு ஊருக்கு ஏற்றது" என்று விற்பவர் உண்டு. பஞ்சாபில் கோடை கொளுத்தினாலும் தை மாத இரவுகள் நம் பண்டாரவளையைவிடக் குளிரானவை. பீச்சஸ் மரத்துக்குக் கோடையின் சூடு கணக்கில் இல்லை, குளிர்காலத்து இரவுதான் கணக்கு. வட இந்தியச் சமவெளியில் காய்த்ததெல்லாம் ஊவாவில் காய்க்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும். பண்டாரவளை சுமார் 1200 மீட்டர், நுவரெலியா 1900ஐ நெருங்குகிறது. லுணுகலை டவுன் பண்டாரவளையைவிட நன்றாகத் தாழ்வு. அங்கிருந்து பிபிலை வீதியில் இறங்க இறங்கச் சூடு கூடும். மடுல்சீமைப் பக்கம் ஏறினால் குளிரும். ஒரே தோட்டத்திலேயே மேல்மலை லயத்துக்கும் ஆற்றோர லயத்துக்கும் இடையில் நல்ல வித்தியாசம் இருக்கலாம். என் எல்லைக்கோடு இது: 1200 மீட்டருக்கு மேல் துணிந்து வையுங்கள். 1000 முதல் 1200 வரை ஃபுளோர்டாபிரின்ஸ், யூஎஃப் சன் போன்ற மிகக் குறைந்த குளிர் ரகம் மட்டும், அதுவும் கீழே சொல்லப்போகும் இலை உருவும் வேலையைச் செய்யத் தயாராக இருந்தால். 1000க்குக் கீழே பீச்சஸுக்காக இடத்தைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் வீட்டின் உயரம் தெரியாவிட்டால், கைத்தொலைபேசியில் உயரம் காட்டும் செயலியே போதுமான அளவுக்குச் சொல்லிவிடும்.

கடையில் ரகப் பெயரோடு ஒட்டுக்கன்று கிடைப்பது எல்லா நேரமும் நடக்காது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் "பீச்சஸ்" என்று மட்டும் சொல்லித் தரும் கன்றுகளில் பல கொட்டையில் முளைத்தவை. ஆகவே நான் சொல்லும் இரண்டாவது வழி, என் மனதுக்கு இதுவே முதல் வழி: உங்கள் உயரத்திலேயே, அல்லது அதைவிடத் தாழ்வான இடத்தில், வருடா வருடம் காய்க்கிற ஒரு மரத்தைத் தேடுங்கள். அதன் பெயர் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அது அங்கே காய்க்கிறது என்பதைவிட நம்பகமான சான்றிதழ் வேறில்லை. பழைய பங்களா வளவுகள், கோயில் வளவு, பாடசாலைத் தோட்டம் எல்லாவற்றையும் விசாரியுங்கள். உங்களைவிட 500 மீட்டர் உயரத்தில் காய்க்கும் மரம் எவ்வளவு நல்ல பழம் தந்தாலும் உங்களுக்கு உத்தரவாதம் இல்லை.

அந்த மரத்திலிருந்து அரும்பொட்டுக்குக் குச்சி எடுப்பது சிறந்தது. ஒட்டுக் கட்டத் தெரியாவிட்டால் கொட்டையும் பரவாயில்லை. பீச்சஸ் பூ தன் மகரந்தத்தாலேயே காய்பிடிப்பது. அதனால் மா, ஆனைக்கொய்யாவின் கொட்டைக்கன்று அளவுக்குப் பீச்சஸ் கொட்டைக்கன்று தாயைவிட்டுத் தூரம் போவதில்லை. ஓர் ஒற்றை மரம் போதும் என்பதற்கும் காரணம் அதுவே. நன்றாகப் பழுத்த பழத்தின் கொட்டையைக் கழுவி, ஈர மணலோடு பொலித்தீன் பையில் கட்டி, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு, மூன்று மாதம் வைத்துப் பிறகு நடுங்கள். மூன்றாம் நான்காம் வருடத்தில் பூக்கத் தொடங்கும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பைப் பிள்ளைகள் உடைத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

தேயிலை மண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் பீச்சஸுக்குப் பிடிக்காது. நடுவதற்கு இரண்டு மாதம் முன்பே குழியில் டொலமைட் கலந்து, கூட்டெரு போட்டு ஆறவிடுங்கள். எவ்வளவு டொலமைட் என்பதை மண்ணைச் சோதித்து முடிவெடுப்பதே முறை. கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேளுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் அங்கே போகத் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கினால் பீச்சஸ் வேர் சில நாளிலேயே செத்துப்போகும். சரிவில் வைத்து, மேற்பக்கம் ஒரு கான் வெட்டிவிடுங்கள். தக்காளி, போஞ்சி போட்ட பாத்தியில் வேரில் முடிச்சுகள் கண்டிருந்தால் அந்த இடத்தைத் தவிருங்கள். அந்த நூற்புழு பீச்சஸ் வேரையும் பிடிக்கும். ஒட்டுக்கன்று வாங்கும்போது அடிக்கன்று ஒக்கினாவாவா, ஃபுளோர்டகார்டா என்று கேட்பது இதற்காகத்தான், இரண்டும் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்குபவை. தோட்டத்தில் களைமருந்து அடிக்கும் மலைக்கு ஒட்டி நடாதீர்கள். 7 பேர்ச்சஸ் காணியில் ஒரு மரம் தாராளமாக நிற்கும், மூன்று மீட்டர் அகலம் விட்டால் போதும்.

மரத்தின் நடுவைத் திறந்து, மூன்று, நான்கு கிளைகளைக் கிண்ணம்போல விரியவிடுங்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பீச்சஸ் போன வருடம் வளர்ந்த கொப்பில்தான் காய்க்கும். ஒவ்வொரு வருடமும் காய் பறித்ததும் பழைய கொப்புகளை வெட்டி, புதுக்கொப்புக்கு இடம் கொடுக்க வேண்டும். வெட்டப் பயந்தால் காய் மேலே மேலே போய் கை எட்டாத உயரத்தில் நிற்கும்.

இனி இலை உருவுதல். குளிர் போதாத மலைகளில் மரத்தை ஆழமாக உறங்கவிடாமல், அரும்பு கட்டி முடிந்ததும் இலையை நீக்கிவிட்டால் அரும்பு விழித்துக்கொள்ளும். கிழக்கு ஜாவாவின் பாத்துவில் இதே முறையில் இலையுருவித்தான் ஆப்பிளை வருடத்துக்கு இருமுறை காய்க்கவைக்கிறார்கள். நம் பக்கத்தில் ஐப்பசி தொடங்கி தை வரை மழை. தைப்பொங்கல் கழிந்து மழை குறையும் வேளையில், இரண்டு வாரம் தண்ணீரும் பசளையும் நிறுத்தி, பிறகு இலைகளைக் கையால் மேல்நோக்கி உருவுங்கள். அடிக்காம்பில் உள்ள அரும்பு உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மாசியில் பூக்கும், சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ பழம் பறிக்கலாம். பறித்ததும் கவ்வாத்து. பிறகு வரும் ஆடிக் காற்றுக் காலத்தில் புதுக்கொப்பு வாடாமல் அடியில் மூடாக்குப் போட்டு, கிழமைக்கு ஒருமுறையாவது தண்ணீர் கொடுங்கள். அந்தக் கொப்புகளே அடுத்த வருடத்துப் பழம். உறக்கம் கலைக்கும் ஹைட்ரஜன் சயனமைட் மருந்தை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். அடித்தவர் மது குடித்தால் கடும் உடல்நலக் கேடு வரும். வீட்டு மரத்துக்கு அது தேவையே இல்லை.

காய் கோலிக்குண்டு அளவானதும் ஒரு சாணுக்கு ஒரு காய் விட்டு மற்றதைக் கிள்ளிப்போடுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் செய்யுங்கள். மிஞ்சியதைக் கடதாசிப் பையால் மூடிக் கட்டினால் பழ ஈக்கு அதுவே நல்ல மருந்து. விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிக் குழிதோண்டி மூடுங்கள். இலையின் அடியில் துரு நிறப் புள்ளி கண்டால் அந்த இலைகளைப் பொறுக்கி எரியுங்கள், துருநோய் முற்றினால் மரம் நேரமல்லாத நேரத்தில் இலை கொட்டும்.

நம்மில் பலருக்குக் கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கங்களில் உறவுகள் இருக்கிறார்கள். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பின் போனவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரியில் பீச்சஸ், பிளம்ஸ் மரங்களுக்கு நடுவே வாழ்கிறார்கள். போய்வரும்போது ஒரு குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆசை வரும். தயவுசெய்து கொண்டுவராதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கன்றோ குச்சியோ கொண்டுவர முடியாது. ஒட்டுக்குச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத வைரஸ் வந்துவிட்டால் அதற்கு மருந்தும் கிடையாது.

டவுனுக்குக் கீழே, பிபிலைப் பக்கம் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் பிபிலை ஸ்வீட் தோடை உங்கள் வாசலில் பிறந்த ரகம். அந்தச் சூட்டுக்கும் மண்ணுக்கும் பழகியது. ஆனைக்கொய்யாவும் நன்றாக வரும். பீச்சஸ் வைத்து ஏமாறுவதைவிட அந்த இரண்டில் ஒன்றை இந்த மழைக்கே நடுங்கள்.

மேலே இருப்பவர்களில் வருடா வருடம் காய்க்கும் பீச்சஸ் மரம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அது எந்த மாதம் பூத்தது, எந்த மாதம் பழுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு அந்த விவரத்தோடு இரண்டு குச்சியும் கொடுங்கள். உங்கள் மரம் சாகுமுன் அதன் பிள்ளைகள் நான்கு வீடுகளில் நிற்க வேண்டும்.