ட்ரெயிலர் குலுங்கினால் டயரைப் பாருங்கள்

மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அதைப் பெக்டரிக்குக் கொண்டு போவது ட்ரெக்டர் ட்ரெயிலர். விறகு ஏற்றுவதும் உரமூட்டை ஏற்றுவதும் அதில்தான். அவசரம் என்று வந்தால் ஆட்களும் அதிலேயே ஏறிவிடுகிறோம். ராத்திரியில் வலி எடுத்த பிள்ளைத்தாச்சியை மெயின் ரோட்டு வரைக்கும் கொண்டு சேர்க்க அந்தப் பெட்டியைத் தவிர வேறு வழியில்லாமல் தவித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ட்ரெயிலர் ஆட்களை ஏற்றுவதற்குச் செய்த வண்டியல்ல, ஏறாமல் இருப்பதே சரி. ஆனாலும் ஏறுகிறோம், பிள்ளைகளும் தொத்திக்கொள்கிறார்கள். ஆகவே அதன் டயரைப் பற்றி டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, நமக்கும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

"குலுக்கினா என்னாங்க, தோட்டத்து ரோடு அப்படித்தானே!" என்று சொல்லிவிடுகிறோம். ரோடு மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரோடு தரும் குலுக்கல் வேறு, டயர் தரும் குலுக்கல் வேறு. ரோட்டுக் குலுக்கல் பள்ளம் வந்தால் வரும், பள்ளம் போனால் போய்விடும். டயர்க் குலுக்கல் தப்பு அடிப்பது போல ஒரே தாளத்தில் வரும். நல்ல தார் ரோட்டிலும் விடாது. வேகம் கூடினால் தாளமும் கூடும். சில்லு ஒரு சுற்றுக்கு ஒரு அடி வீதம் 'டக், டக்' என்று வந்தால் அந்தச் சில்லில் ஏதோ இருக்கிறது என்று பொருள். பெட்டி பாம்பு மாதிரி இரண்டு பக்கமும் ஆடினால் காற்றுக் குறைவோ, நட்டு இளகலோ, பாரம் பின்னால் போனதோ காரணமாக இருக்கலாம். புறப்படும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் 'மடார்' என்று இடித்தால் அது டயரல்ல, ட்ரெக்டரோடு மாட்டும் பின் தேய்ந்திருக்கும்.

பல ட்ரெயிலர்களுக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சு நேராகச் சட்டத்தோடு பொருத்தியிருக்கும். அப்படியானால் கல் ரோட்டில் அதிர்ச்சியைத் தாங்கும் ஒரே ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்றுதான். பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல, அந்தக் காற்று. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகி ஒடிவது போல, டயரும் உள்ளே சூடாகும். உள்ளிருக்கும் நூலடுக்கு ரப்பரை விட்டுப் பிரியும். பிறகு ஒரு இடத்தில் புடைத்துக்கொண்டு வரும். அந்த வீக்கம் தெரிந்த டயரை ஓட்டவே கூடாது. ஒட்டுப் போட்டுச் சரிப்படுத்தவும் முடியாது. பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

காற்றை அதிகமாக அடைத்தாலும் தொல்லைதான். கொழுந்தை இறக்கிவிட்டு வெறும் பெட்டியாகத் திரும்பும்போது பந்து போலத் துள்ளும். அளவு எவ்வளவு? டயரின் பக்கவாட்டிலேயே பாரமும் காற்றும் அச்சிட்டிருக்கும். 7.50-16 என்றிருந்தால் டயரின் அகலம் ஏழரை அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பக்கத்தில் அது தாங்கக்கூடிய ஆகக் கூடிய பாரமும், அதற்கு வேண்டிய காற்றும் போட்டிருக்கும். 50 கிலோ உரமூட்டை 40 ஏற்றினால் 2,000 கிலோ. இரண்டு சில்லுப் பெட்டியானால், பெட்டியின் சொந்த எடையை விட்டுப் பார்த்தாலும், ஒரு டயருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ. இந்தக் கணக்கை மூட்டை ஏற்றுகிறவர்களே போடலாம். காலையில் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றைப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். 'கூடிப்போச்சு' என்று அப்போது காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் சூம்பி நிற்கும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவு பார்ப்பதாகாது.

தேய்மானத்தைப் பார்த்தும் நோயைச் சொல்லலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூடுதல். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு அல்லது பாரம் அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி விழுந்திருந்தால் பேரிங் இளகலைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வெறும் பெட்டியை ஜாக்கியால் தூக்க வேண்டும். சரிவில் ஒருபோதும் தூக்க வேண்டாம், தூக்கிய பெட்டிக்கு அடியில் யாரும் நுழையவும் வேண்டாம். டயருக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் நட்டு வைத்துச் சில்லை மெதுவாகச் சுற்றுங்கள். குச்சிக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் டயர் வட்டமாக இல்லை. ரிம்மும் சேர்ந்து ஆடினால் ரிம் வளைந்திருக்கிறது. பிறகு மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். 'கடக் கடக்' என்றால் பேரிங். ஓடி வந்து நிறுத்தியதும் சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தாலும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே கோளாறு. நட்டிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு இளகியிருக்கிறது. டயர் மாற்றினால் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, முதல் பயணம் முடிந்ததும் இன்னொருமுறை இறுக்க வேண்டும்.

ஒரே அச்சில் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் வழுக்கை டயரும் போட்டால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். 'இருக்கிறதைப் போடு' என்ற சிக்கனம் கடைசியில் இரண்டு டயரையும் தின்றுவிடும். பாரத்தையும் அச்சுக்குச் சற்று முன்னால் வருமாறு ஏற்றுங்கள். பின்னால் குவித்தால் ட்ரெக்டரின் பின்பக்கம் தூக்கும், ஏற்றத்தில் பிடிமானம் போகும்.

அதிகம் ஓடாத பெட்டி என்றால் டயர் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெயிலில் மாதக்கணக்காக நின்ற டயர் பூ தேயாமலே வெடிப்பு விட்டுப் போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடிப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கமே இருந்தால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, அதைக் கழற்றிவிடுவதே நல்லது.

ஒன்றை மட்டும் வீட்டிலோ லயத்து வாசலிலோ செய்ய வேண்டாம். வளையம் போட்டுப் பூட்டும் ரிம்முக்குக் காற்று அடைப்பதை டயர்க் கடையிலேயே செய்விக்க வேண்டும். வளையம் சரியாக உட்காராவிட்டால் தெறித்து ஆளைக் கொன்றுவிடும்.

'தோட்டத்து வண்டி, நமக்கென்ன' என்று சிலர் கேட்கலாம். வண்டி கம்பனியுடையது, செலவும் அவர்களுடையது. அதில் போகிற உயிர் நம்முடையது. 'டயர் வீங்கியிருக்கு, இதை எடுக்க மாட்டேன்' என்று ஒரு டிரைவர் தம்பி சொன்னால், கொழுந்து தாமதமாகுதே என்று அவரை நெருக்காமல் நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். வாயால் சொன்னது மறந்து போகும். மடுவத்தில் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, எந்தச் சில்லு, என்ன கண்டோம், யாரிடம் சொன்னோம் என்று எழுதி, பொறுப்பான உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் பழகாத அக்காமாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.