கைவினைப் பாடம்: நூல் கடைக்குப் போய்ப் பின்னல் கற்போம்



1980களில் இருந்து பலெர்மோ நகரில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி தண்ணீர் பட்ட பாடு. தாய்மார் பலருக்கு அப்படியல்ல. வைத்தியரிடம் போனாலும் பாடசாலைக்குப் போனாலும் பிள்ளைதான் மொழிபெயர்க்கிறது. தாய் பக்கத்துக் கதிரையில் பேசாமல் இருக்கிறார். தாயே முன்னின்று பேசக்கூடிய ஓர் இடம் உண்டு. அதுதான் நூல் கடை. அங்கே நூலைத் தொட்டுப் பார்க்கவும், ஒரு பின்னலைக் காட்டி விளக்கம் கேட்கவும் சொற்கள் கொஞ்சம் போதும். மீதியைக் கை பேசும். ஆகவே இந்தப் பாடத்தைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. இவ்வூரின் நெசவுப் பெருமை

நோர்மன் அரசர் இரண்டாம் ரொஜர் காலத்தில் பலெர்மோ அரண்மனையில் பட்டு வேலைக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே செய்த அரச மேலாடை இன்றும் அழியாமல் வியன்னா நகரின் அரச கருவூலத்தில் இருக்கிறது. சிவப்புப் பட்டில் நடுவே ஒரு மரம், இரு புறமும் ஒட்டகத்தை அடக்கும் சிங்கம், எங்கும் பொன்னிழையும் முத்தும். அதன் ஓரத்தில் அரபு எழுத்தில் ஹிஜ்ரி 528 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 1133-34 ஆகும். கிறிஸ்தவ அரசனின் ஆடையில் அரபு எழுத்து! பொன்னிழையைத் துணியின் மேல் கிடத்தி, மெல்லிய நூலால் இடையிடையே பிடித்துத் தைக்கும் முறை அதில் உண்டு. நம் நாட்டுச் சரிகை வேலையிலும் இந்த வழக்கத்தைக் காணலாம்.

1147இல் ரொஜரின் கடற்படை கிரேக்க நாட்டின் தீப்ஸ், கொரிந்து நகரங்களைத் தாக்கி, பட்டு நெசவாளரைச் சிறைபிடித்து இங்கே கொண்டுவந்தது. விரும்பி வந்தவர், விரும்பாமல் வந்தவர் என்று வெளியூரார் பலரின் கைத்திறனால் வளர்ந்தது இவ்வூர்த் தொழில் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சிசிலித் தீவின் வீடுகளில் வளர்ந்த கைவேலை "ஸ்ஃபிலாத்தோ". லினன் துணியில் சில இழைகளை உருவி எடுத்துவிட்டு, எஞ்சிய இழைகளைக் கட்டி உருவம் அமைப்பது அதன் முறை. மேசை விரிப்பிலும் கட்டில் விரிப்பிலும் இதனைப் பார்க்கலாம்.

2. கடையில் வேண்டிய சொற்கள்

நூல், ஊசி, பொத்தான், நாடா முதலியவற்றை விற்கும் கடை "மெர்செரியா". சிறு கடைகள் பெரும்பாலும் மத்தியானம் பூட்டிப் பிற்பகலில் மீண்டும் திறக்கும். ஆகவே காலையில் அல்லது மாலையில் போவது நல்லது. கூட்டம் இல்லாத நேரமானால் கடைக்காரப் பெண்மணி ஆறுதலாகச் சொல்லித்தருவார்.

கம்பளி நூல் – லானா
பருத்தி நூல் – கொத்தோனே
பட்டு – சேத்தா
நூற்பந்து – கொமீத்தோலோ
கொக்கி ஊசி – உஞ்சினெத்தோ
இரட்டைப் பின்னல் ஊசிகள் – ஃபெர்ரி
தையல் ஊசி – ஆகோ
கத்தரிக்கோல் – ஃபோர்பிச்சி
பொத்தான் – பொத்தோனே

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். நமது "பொத்தான்" போர்த்துக்கேயர் தந்த சொல். இத்தாலியச் சொல்லுக்கு அது உறவு. யாழ்ப்பாணத்தில் நாம் சொல்லும் "ரேந்தை"யும் போர்த்துக்கேயச் சொல்லே.

கேட்க வேண்டியவை மூன்று. "குவாந்தோ கோஸ்தா?" என்றால் விலை என்ன. "கோமே சி ஃபா?" என்றால் இதை எப்படிச் செய்வது. "பியானோ, பியானோ" என்றால் மெதுவாக, மெதுவாக. இந்த மூன்றையும் பிள்ளை கற்றுக்கொடுக்கட்டும், கடையில் அம்மா கேட்கட்டும்.

3. நூற்பந்தின் கடதாசியை வாசித்தல்

பந்தைச் சுற்றியுள்ள கடதாசியில் நிறை, நீளம், ஊசியின் அளவு ஆகியன இருக்கும். உதாரணமாக, 50 கிராம், 125 மீற்றர், 3 மி.மீ. நிறையை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஒரே நிறையில் மெல்லிய நூல் நீளமாகவும் தடித்த நூல் குறைவாகவும் இருக்கும்.

"பாஞ்ஞோ" என்ற சொல்லின் அருகே ஓர் எண் இருக்கும். அது சாயம் தோய்த்த தொட்டியின் எண். ஒரே நிறம் என்று நினைத்து வேறு எண்ணுள்ள பந்தை வாங்கினால், பின்னி முடிந்த பிறகு நடுவே நிற வேறுபாடு தெரியும். ஒரு வேலைக்கு வேண்டிய எல்லாப் பந்துகளையும் ஒரே எண்ணில், ஒரே நாளில் வாங்குங்கள்.

"மெர்செரிஸ்ஸாத்தோ" என்று எழுதியிருந்தால் அது பளபளப்பான பருத்தி நூல். மெர்செரியா என்ற கடைப் பெயரிலிருந்து இது நேரே வந்ததல்ல. 1844இல் பருத்தியைக் காரநீரில் பதப்படுத்தும் முறையைக் கண்ட ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயரின் பெயரால் வந்த சொல் இது. பலெர்மோ வெயிலுக்கும், கற்கும் கைகளுக்கும் இந்த நூலே ஏற்றது.

4. முதற் பின்னல்: விளக்கின் கீழ் வைக்கும் வட்டம்

தேவையானவை: பருத்தி நூல் ஒரு பந்து, 3 மி.மீ. கொக்கி ஊசி.

அ. முடிச்சிட்டு, ஊசியால் நூலை இழுத்து 6 சங்கிலி போடுங்கள். இதற்கு "கதெனெல்லா" என்று பெயர். முதற் சங்கிலியில் ஊசியைக் குத்தி நூலை இழுத்து வளையமாக இணையுங்கள்.

ஆ. முதற் சுற்று: 3 சங்கிலி போடுங்கள். இது ஒரு நெடும்பின்னலாகக் கணக்கு. வளையத்தினுள் மேலும் 11 நெடும்பின்னல் போட்டு இணையுங்கள். மொத்தம் 12. நெடும்பின்னலை இங்கே "மாலியா ஆல்தா" என்பார்கள். நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, குத்தி இழுத்து, இரண்டு இரண்டாக இருமுறை கழற்றுவது இது.

இ. இரண்டாம் சுற்று: ஒவ்வொரு பின்னலிலும் இரண்டு. மொத்தம் 24.

ஈ. மூன்றாம் சுற்று: ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறிமாறி. மொத்தம் 36.

ஒவ்வொரு சுற்றிலும் 12 கூடுவதே வட்டத்தின் இரகசியம். குறைவாகக் கூட்டினால் கிண்ணம்போலக் குவியும். அதிகமாகக் கூட்டினால் ஓரம் சுருங்கி அலையாகும். புள்ளிக் கோலம் போடும் அம்மாமாருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எரியும் விளக்கின் திரிக்கு அருகே நூல் வராதபடி, விளக்கின் அடியைவிடப் பெரிய தட்டின் கீழ் இதனை விரியுங்கள்.

5. கைவேலையின் மதிப்பு

1819இல் நாகர்கோயிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற மிசனறிப் பெண்மணி அங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமைகளாய் இருந்த பெண்கள் சிலர் அதில் கிடைத்த கூலியைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றார்கள். கைவேலையைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணலாகாது.

ஆகவே, நீங்கள் பின்னியதை விற்க விரும்பினால் நூலின் விலையோடு உழைத்த மணித்தியாலங்களையும் எழுதி வையுங்கள். நூற்காசுக்கே கொடுத்துவிட்டால், நமக்குப் பின் பின்ன வருகிற பெண்ணின் உழைப்பையும் மலிவாக்கியவர்கள் ஆவோம். அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. அது மனமுவந்து கொடுப்பது.

பயிற்சி

1. இதே முறையில் ஐந்தாம் சுற்று முடியும்போது எத்தனை பின்னல் இருக்கும்?
2. ஒரு விரிப்புக்கு 400 மீற்றர் நூல் வேண்டும். ஒரு பந்தில் 125 மீற்றர் இருந்தால் எத்தனை பந்து வாங்க வேண்டும்?
3. பிள்ளைகளுக்கு: அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் ஊரில் அவர்கள் செய்த கைவேலைகளைக் கேட்டு, அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள்.
4. அம்மாமாருக்கு: அடுத்தமுறை கடையில் "கோமே சி ஃபா?" என்று நீங்களே கேளுங்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும்.

விடைகள்: 1) 60. 2) நான்கு பந்து.