ஆடிக்காற்று, சித்திரை வெயில், ஐப்பசி மழை – நம்ம சைக்கிள்

பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கமிருந்து சைக்கிளில் வரும் நம் பசங்களை ஆடி மாதத்தில் கவனித்திருக்கிறீர்களா? காலையில் ஜாலியாக வருவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நாக்குத் தள்ளும். சாப்பாடு பத்தலை என்று கிண்டல் செய்யாதீர்கள், காரணம் காற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டு, மதுரைக்கு வெறும் காற்றாகத்தான் வரும். பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் தென்மேற்குத் திசை. அப்போ சாயங்காலம் முழுக்க எதிர்க்காற்றுதான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். நாம் 15 கி.மீ. வேகத்தில் போக, எதிரே காற்றும் 15 கி.மீ. வேகத்தில் வந்தால் நம் மேல் மோதுவது 30 கி.மீ. காற்று. வேகம் இரண்டு மடங்கு, தடை நாலு மடங்கு! கொஞ்சம் குனிந்து ஓட்டினால் குறையும்.

சித்திரை வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும் என்பார்கள். அது பாதி உண்மை. காலையில் 27 டிகிரியில் காற்றடித்த டியூப், வெயிலில் 57 டிகிரி ஆகிறது என்று வையுங்கள். கெல்வினில் 300, 330. உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். நல்ல டியூப் இதைத் தாங்கும். நாலு ஒட்டுப் போட்ட டியூப்பில்தான் சூட்டில் பசை இளகி ஒட்டு விட்டுவிடும். அதனால் கோடையில் ரொம்ப டைட்டாக அடிக்காமல் நிழலில் நிறுத்துங்கள்.

மழைதான் பெரிய ஆபத்து. மதுரைக்கு அதிக மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. போன ஐப்பசியில் தம்பியை கேரியரில் வைத்து மேம்பாலத்தில் இறங்கினேன். தூறல்தான். பிரேக்கை அழுத்தினேன், பிடிக்கவே இல்லை. முன்னால் நின்ற தள்ளுவண்டியில் மோதிவிட்டோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு, அவனுக்குத் தாடையில் மூணு தையல். அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிரேக் நல்ல பிரேக்தான் என்றார் சைக்கிள் கடை அண்ணன். ரிம்முக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவில் தண்ணீர் படலமாக நின்றால் உராய்வு குறைந்துவிடுமாம். சக்கரம் சில சுற்று சுற்றி, கட்டை அந்தத் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்குமாம். இறக்கம் வருவதற்கு முன்னாலேயே லேசாக இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளணும். முதல் தூறல் இன்னும் மோசம்: ரோட்டில் இருக்கும் எண்ணெயும் தூசியும் நனைந்து வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தவே கூடாது.

இதெல்லாம் தம்பிக்கும் படம் போட்டு விளக்கினேன். எல்லாம் கேட்டுக்கொண்டான். ஆனால் மழை நாளில் மேம்பாலம் வந்தால் இன்னமும் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு நடந்தே வருகிறான்.