கடல்நீர்த் தொட்டியில் நட்சத்திர மீன்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் மகன் அமைத்திருந்த பவழத் தொட்டியைக் காட்டினார். நீலநிற நட்சத்திர மீன் ஒன்று கரங்கள் குழைந்து, வெண்படலம் பூத்துக் கிடந்தது. "வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது, ஐயா, தண்ணீரில் குறையொன்றுமில்லையே" என்று வருந்தினார். உண்மைதான். கடைப் பையிலிருந்து நேரே தொட்டியில் கொட்டிவிட்டதே குறை. யானும் முன்னர் இவ்வாறே ஒன்றை இழந்தவனாதலின், அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

பெயரில் மீன் என்றிருப்பினும் இது மீனன்று. இதன் முதுகிலுள்ள சல்லடை போன்ற தட்டு உடலுட் செல்லும் நீர்க்குழாய்களோடு இணைந்தது. அக்குழாய்களே அடிப்புறத்திலுள்ள நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களை இயக்குகின்றன. மீன் தன் உடலின் உப்பளவைத் தானே காத்துக்கொள்ளும். நட்சத்திர மீனுக்கு அந்த ஆற்றல் இல்லை. வெளிநீரில் உப்பு மாறினால் உள்ளும் மாறும். திடீர் மாற்றத்தால் தசைகள் சிதையினும், சாவு பல நாட்கள் கழித்தே வருவதுண்டு. ஆகவேதான் வாங்கியவர் காரணத்தை வேறெங்கோ தேடுகிறார்.

முதலில் இனத்தைத் தேர்தல் வேண்டும். சாக்லேட் நிறக் கொம்புகளுடைய வகை திடமானது, விலையும் குறைவு. ஆனால் அது பவழத்தையும் சிப்பியையும் தின்றுவிடும். நீல லிங்கியா பவழத்துக்குத் தீங்கு செய்யாது. எனினும் பாறைமேற் படியும் நுண்படலத்தை மேய்ந்து வாழ்வதாகையால், புதிய தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினியால் மடியும். 400 லிட்டருக்குக் குறையாத, ஓராண்டேனும் பழகிய தொட்டி அதற்கு வேண்டும் என்பது என் கருத்து. செந்நிறமான ஃப்ரோமியா சிறியது. அதற்கும் பழைய தொட்டியே தகும். புதிதாகத் தொடங்குவோர்க்கு, மெல்லிய நீண்ட கரங்களுடைய சிறு பிரிட்டில் ஸ்டார்களே ஏற்றவை. சிந்திய உணவை உண்டு பிழைத்துக்கொள்ளும். பச்சை நிறமுள்ள பெரிய வகை மட்டும் ஆகாது. அது மீன்களையே பிடித்துத் தின்னும்.

சிட்டத்தைக் கையிலெடுத்துப் பாராமல் நூல் வாங்கும் நெசவாளர் இல்லை. அதுபோல, கடையில் அன்றே வந்திறங்கியதை வாங்காமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். நீருக்குள்ளேயே கவிழ்த்து வைக்கச் சொன்னால் அது தானே திரும்ப வேண்டும். குழாய்க்கால்கள் அசைய வேண்டும். கரங்களிற் புண்ணோ வெண்புள்ளியோ இருத்தலாகாது. லிங்கியாவின் அடியில் ஒட்டுண்ணி நத்தை பற்றியிருப்பதுமுண்டு, பார்த்துக்கொள்க. தாமிர மருந்திட்ட தொட்டியிலிருந்தது எனில் வேண்டவே வேண்டாம்.

வீடு சேர்ந்தபின் மூடிய பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, நீரோடு ஒரு பாத்திரத்தில் மாற்றுக. மெல்லிய காற்றுக்குழாயில் தளர்ந்த முடிச்சிட்டு, தொட்டி நீரை வினாடிக்கு 2 அல்லது 3 துளிகளாக விழச் செய்க. நீர் இரட்டித்ததும் பாதியைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குக. இதற்கு நான்கு மணி நேரம் செல்லும். நாள் முழுதும் இவ்வாறு வைப்போருமுளர். பாத்திரத்தில் கழிவு சேருமாதலால் எனக்கு அது உடன்பாடன்று. இரு நீரின் ஒப்படர்த்தியையும் கருவியால் அளந்து, இரண்டும் 1.025 அளவில் ஒத்தபின், காற்றுப் படாமல் நீருக்குள்ளேயே மூழ்கிய கிண்ணத்தால் எடுத்துத் தொட்டியில் விடுக. பை நீரைத் தொட்டியிற் சேர்க்கலாகாது.

அங்கத்தினரின் மகன் உடனே இன்னொரு நீல நட்சத்திரம் வாங்க விரும்பினான். தொட்டிக்கு வயது நான்கு மாதமே. பிரிட்டில் ஸ்டார் ஒன்றை இப்போது வாங்கு, நீலத்தை அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றேன். முகம் சுருங்கிற்று, ஆயினும் துளிக்குழாய்க்கு முடிச்சிடும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.